உம்மும்மாவின் நான்கு காயிதங்கள்

ஒரு குடும்பத்தின் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலானோர் வீட்டிலுள்ள பத்திரங்களையே காட்டுவோம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பழைய கடைக் கணக்கு என்று எங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. உயர்தரத்தில் வரலாற்றை ஒரு பாடமாகக் கற்பவள் என்பதால், கடந்த விடுமுறையில் அவற்றை ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்தது. எல்லாவற்றையும் ஆண்டு வாரியாக அடுக்கிய பிறகு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பெண்களின் பெயர்கள் அந்தப் பத்திரங்களில் இருந்தன. ஆனால் பெண்கள் தம் கையால் எழுதியது என்று சொல்ல, ஒரு காணி உறுதியில் பதிந்த பெருவிரல் அடையாளத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

என் உம்மும்மாவின் விவாகப் பதிவும் அப்படித்தான். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி அமைந்த அந்தப் பதிவில் மணமகன் கையொப்பமிட்டிருக்கிறார். மணமகளின் வலி கையொப்பமிட்டிருக்கிறார். நிக்காஹ் நடத்தி வைத்தவரும் ஒப்பமிட்டிருக்கிறார். மணமகளின் கையொப்பத்துக்கு அதில் இடமே இல்லை. யாருடைய கலியாணமோ அவருடைய எழுத்து அங்கே இல்லை.

அவருடைய எழுத்து வேறொரு இடத்தில் இருந்தது. கலியாணம் பேசி முடித்த நாளுக்கும் நிக்காஹ் நாளுக்கும் இடையிலான 14 மாதங்களில் அவரும் என் அப்பாவும் (உம்மாவின் வாப்பா) எழுதிக்கொண்ட கடிதங்களில் அது இருந்தது. அப்பா எழுதியவை 23. உம்மும்மா எழுதியவை 4. அந்த நான்கையும் எங்கள் வீட்டில் உம்மும்மாவைத் தவிர வேறு யாராலும் வாசிக்க முடியவில்லை. இத்தகைய கடிதங்களை ஏன் காக்க வேண்டும், எப்படிக் காக்க வேண்டும் என்பதை விளக்குவதே இவ்வாக்கத்தின் நோக்கம்.

கடிதம் வந்து சேர்ந்த வழி

அப்பா அப்போது கொழும்பு புறக்கோட்டை, கெய்சர் வீதியில் ஒரு துணிக் கடையில் வேலை செய்தார். உம்மும்மா உக்குவளையில் இருந்தார். கலியாணம் பேசியிருந்தாலும் இருவரும் நேரே பேசிக்கொள்ளும் வழக்கம் இல்லை. அப்பாவின் கடிதங்கள் உம்மும்மாவின் தம்பி பெயருக்கு வரும். உம்மும்மாவின் வாப்பா உறையைப் பிரித்து வாசிப்பார். அவர் வாசித்து முடித்த பின்னர்தான் அது உள்வீட்டுக்குப் போகும்.

ஆகவே அந்தக் கடிதங்களில் காதலைத் தேடுபவருக்குக் கிடைப்பது துணி விலையும் மழையும்தான். முதலில் 786 என்ற எண். பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்பதன் அரபு எழுத்துக்களுக்குரிய எண் மதிப்பைக் கூட்டினால் வரும் தொகை அது. கடிதம் கால்பட்ட இடத்தில் விழுந்தால் புனிதச் சொல்லுக்குக் கண்ணியக் குறைவு வந்துவிடக் கூடாது என்பதற்காக அக்காலத்தவர் எண்ணை மட்டும் எழுதினார்கள். அடுத்து ஸலாம், பின்னர் எல்லோரின் சுகமும் கேட்டு ஒரு பந்தி. அதன் பிறகு ஏதோ ஒரு மூலையில், “தம்பி, நல்ல பச்சை நிறத்தில் சேலை வந்துள்ளது. வீட்டில் பச்சை பிடிக்குமா என்று கேட்டு எழுதவும்” என்று ஒரு வரி இருக்கும். 23 கடிதங்களிலும் உம்மும்மாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. “வீட்டில்” என்ற சொல்தான் அவர்.

“இதில் காதல் எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். உம்மும்மா சிரித்துவிட்டு, “வாப்பா வாசிக்கிற காயிதத்துல வேறென்னத்த மகள் எழுதுற? வீட்டுலண்டு எழுதினா எனக்கு வெளங்கும்தானே” என்றார். அவர் சொல்லித் தராவிட்டால், அந்த வரியைத் துணி வியாபாரம் என்றே நினைத்து அடுத்த பக்கம் போயிருப்பேன். பழைய கடிதத்தின் பாதிப் பொருள் தாளில் இருக்கிறது. மறுபாதி அதை எழுதியவர் அல்லது பெற்றவர் நெஞ்சில் இருக்கிறது. தாளை மட்டும் காப்பவர் பாதியைத்தான் காக்கிறார்.

பார்த்தால் அரபு, வாசித்தால் தமிழ்

உம்மும்மாவின் நான்கு கடிதங்களும் அரபுத் தமிழில் எழுதப்பட்டவை. நம் தலைமுறைக்கு இது பெயரளவில் மட்டுமே தெரிந்த எழுத்து என்பதால் சற்று விளக்குகிறேன். அரபுத் தமிழ் என்பது வேறொரு மொழி அன்று. தமிழை அரபு எழுத்துக்களால், வலமிருந்து இடமாக எழுதும் முறை அது. அர்வி என்றும் அதை அழைப்பர். அரபியில் இல்லாத ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துக்களின் மேல் புள்ளியோ குறியோ கூட்டிப் புதிய எழுத்துக்களை உருவாக்கிக்கொண்டார்கள். காயல்பட்டினம், கீழக்கரை முதல் இலங்கை வரை முஸ்லிம்கள் இதைப் பயன்படுத்தினார்கள். மார்க்க நூல்களும் பாடல்களும் இவ்வெழுத்தில் அச்சாகின.

பாடசாலைக்கு நீண்ட காலம் அனுப்பப்படாத பெண்களும் குர்ஆன் ஓதக் கற்றிருந்தார்கள். ஓதத் தெரிந்தவருக்கு இன்னும் சில எழுத்துக்களைக் கற்றால் போதும், கடிதம் எழுத முடியும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட உம்மும்மாவுக்கு அவருடைய வாப்பும்மாதான் இதைக் கற்றுக்கொடுத்தாராம். தமிழ் எழுத்தைவிட இதுவே அவருக்குக் கை ஓடும் எழுத்து. அப்பாவும் ஓதல் பள்ளியில் படிக்கும் காலத்தில் இதைக் கற்றிருந்தார்.

நான்கில் மூன்றாவது கடிதம் எங்கள் குடும்ப வரலாற்றையே திருத்திவிட்டது. அப்பா கொழும்பை விட்டு மாத்தளைக்கு வந்து கடை போட்டது எப்படி என்று கேட்டால், “கொழும்பில் போட்டி கூடிவிட்டது, அதனால் வந்தார்” என்றுதான் மாமாமார் எப்போதும் சொல்வார்கள். உம்மும்மாவின் கடிதம் சொல்வது வேறு: “கொழும்புக்கு வர எனக்கு விருப்பமில்ல. உம்மாட கண் பார்வ கொறஞ்சி போகுது. நீங்க இங்கால வந்து ஒரு கட போட ஏலுமாண்டு யோசிச்சிப் பாருங்கோ.” இதையும் அவருடைய வாப்பா வாசித்தார். வாசித்துவிட்டு உறையை ஒட்டித் தபாலில் போட்டார். அப்பாவின் அடுத்த கடிதத்தில், “வீட்டில் சொன்னதை யோசித்தேன். மாத்தளையில் கடை வாடகை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்” என்று இருக்கிறது.

நாங்கள் இன்று மாத்தளையில் வாழ்வதற்குக் காரணம், 18 வயதுப் பெண் ஒருவர் தன் விருப்பத்தைப் பணிவாகவும் தெளிவாகவும் எழுதியதுதான். காணி உறுதியிலோ விவாகப் பதிவிலோ இது இல்லை. ஆண்கள் சொன்ன கதையிலும் இல்லை. ஒரு தாளில், நம்மால் வாசிக்க முடியாத எழுத்தில் மட்டும் இருந்தது.

எந்தப் பாதி மிஞ்சுகிறது

கடிதப் போக்குவரத்தில் இரண்டு பாதிகளும் ஒன்றாக மிஞ்சுவது அரிது. இங்கிலாந்தில் டொரதி ஒஸ்போர்ன் என்ற பெண், குடும்பத்தார் எதிர்த்தபோதிலும் தான் மணக்க விரும்பிய வில்லியம் டெம்பிளுக்கு 1652 முதல் 1654 வரை எழுதிய 70க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. டெம்பிள் அவருக்கு எழுதியவற்றில் கிட்டத்தட்ட எதுவுமே எஞ்சவில்லை. அக்காலப் பெண் ஒருத்தியின் அன்றாட வாழ்வை அறிய வரலாற்றாசிரியர்கள் அந்தக் கடிதங்களை நாடுகிறார்கள்.

தமிழிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1948இல் காலமான சிறுகதை ஆசிரியர் புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் “கண்மணி கமலாவுக்கு” என்ற நூலாக வெளிவந்துள்ளன. இவை கலியாணத்துக்கு முந்திய கடிதங்கள் அல்ல. பிழைப்புக்காகப் பிரிந்திருந்த கணவர் எழுதியவை. அவருடைய கதைகளில் தெரியாத பணக் கஷ்டமும் பாசமும் அவற்றில் தெரிகின்றன. கடிதங்களைப் பெற்றவர் பத்திரமாக வைத்திருந்ததால்தான் நாம் இன்று அவற்றை வாசிக்கிறோம். எழுதியவரைப் போலவே, காத்து வைத்தவரும் வரலாற்றுக்கு உதவி செய்தவரே.

ஆண்டு எழுதாத கடிதத்துக்கு ஆண்டு காண்பது

பழைய கடிதங்களில் பெரும்பாலும் முழுத் திகதி இருக்காது. உம்மும்மாவின் மூன்றாவது கடிதத்தில் “நோன்பு பிறை 12” என்று மட்டுமே இருக்கிறது. ஆனால் கடிதத்தின் உள்ளே மூன்று தடயங்கள் கிடைத்தன.

முதலாவது தடயம்: “ஞாயிறு கட தெறப்பாங்க, போயாவுக்குத்தானே லீவு” என்ற வரி. இலங்கையில் 1966 முதல் 1971 நடுப்பகுதி வரை சனி, ஞாயிறுக்குப் பதிலாகப் போயாவும் அதற்கு முந்திய நாளுமே வார விடுமுறையாக இருந்தன. ஆகவே கடிதம் அந்த ஆண்டுகளுக்கு உட்பட்டது.

இரண்டாவது தடயம்: தம்பிக்கு டிசம்பர் லீவு விட்டாயிற்று என்ற செய்தி. ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவானது. அதனால் ரமழான் ஒவ்வோர் ஆண்டும் முன்னே நகரும். மேற்சொன்ன ஆண்டுகளில் நோன்பு பிறை 12 டிசம்பரில் வந்தது 1966, 1967, 1968 ஆகிய மூன்றில் மட்டுமே.

மூன்றாவது தடயம்: “ரூவாட பெறுமதி கொறஞ்சி துணி வெல கூடினதாம்” என்ற வரி. 1967 நவம்பரில் அரசாங்கம் ரூபாவின் பெறுமதியை 20 வீதத்தால் குறைத்தது. எனவே 1966 விலகுகிறது. நிக்காஹ் நடந்தது 1968 ஜூலையில் என்று விவாகப் பதிவு சொல்வதால் 1968 டிசம்பரும் விலகுகிறது. ஆகவே கடிதம் எழுதப்பட்டது 1967 டிசம்பர் நடுப்பகுதியில்.

வகுப்பறையில் நாணயப் பெறுமதி இறக்கம் என்று படிப்பது, புறக்கோட்டைக் கடையொன்றில் விலைச்சீட்டுகளை மாற்றி எழுதிய இளைஞரின் கை வழியாக உக்குவளைச் சமையலறை வரை வந்திருக்கிறது. நாட்டின் வரலாறும் வீட்டின் வரலாறும் இரண்டல்ல என்பதை எனக்குப் புரிய வைத்தது இந்தத் தடயம்தான்.

அனுமதி முதலில்

இதை வாசிக்கும் பெற்றோர் சிலருக்கு ஒரு கேள்வி எழலாம். பெரியவர்களின் அந்தரங்கக் கடிதங்களைப் பிள்ளைகள் வாசிப்பது முறையா? நியாயமான கேள்வி. அனுமதி பெற்று ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டினுள் நுழைய வேண்டாம் என்று அந்நூர் அத்தியாயம் நமக்குக் கற்றுத் தருகிறது. கடிதமும் ஒரு வீடு போன்றதுதான். அதற்குரியவர் உயிரோடிருந்தால் அவரிடம் கேட்டே உள்ளே போக வேண்டும்.

உம்மும்மா ஒவ்வொரு கடிதமாகத் தாமே எடுத்துத் தந்தார். அப்பாவின் 23இல் மூன்றைத் தனியே வைத்தார். “இதுகள் நான் மௌத்தான பொறகும் வாசிக்கத் தேவல்ல” என்றார். அவற்றை அழிக்கவும் அவருக்கு மனமில்லை. ஆகவே மூன்றையும் ஓர் உறையிலிட்டு, “உம்மும்மாவின் அமானிதம், வாசிக்க வேண்டாம்” என்று எழுதி மற்றவற்றோடு வைத்திருக்கிறோம். காப்பது வேறு, காட்டுவது வேறு. இவ்வாக்கத்தில் யாருடைய பெயரும் இல்லாததும் அவருடைய நிபந்தனையே. எதை எழுதலாம் என்பதையும் அவரே தெரிவு செய்தார்.

பேச்சையும் சேர்த்துக் காப்பது

அனுமதி கிடைத்த பின் செய்ய வேண்டிய முதல் வேலை, உரியவரையே வாசிக்க வைத்துத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்வது. உம்மும்மா அரபுத் தமிழை வாசித்தார். நான் வரிக்கு வரி தமிழ் எழுத்தில் எழுதினேன். அவர் “செல்லுங்கோ” என்று எழுதியிருந்தால் “சொல்லுங்கள்” என்று நான் திருத்தவில்லை. நம் ஊர்ப் பேச்சும் காக்கப்பட வேண்டிய சொத்தே. நான்கு கடிதங்களை எழுதி முடிப்பதற்குள் அந்த எழுத்துக்களில் பெரும்பாலானவை எனக்கும் பழகிவிட்டன. குர்ஆன் ஓதத் தெரிந்த எந்த மாணவிக்கும் இது எட்டாத கல்வி அன்று.

அடுத்து, ஒவ்வொரு விளக்கத்துக்கும் அதைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதைக் குறிக்க வேண்டும். ஹதீஸ் கலையில் செய்தியோடு அறிவிப்பாளர் வரிசையும் சேர்ந்தே வரும் என்று நாம் இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். குடும்பச் செய்திக்கும் அந்த ஒழுங்கு நல்லது. “கடை மாறியதற்குக் காரணம் போட்டி: மாமா சொன்னது.” “கடை மாறியதற்குக் காரணம் உம்மும்மாவின் வேண்டுகோள்: 1967 டிசம்பர் கடிதம்.” இரண்டையும் எழுதி வைத்தால், பின்னால் வருபவர் எதை எவ்வளவு நம்பலாம் என்று தாமே நிறுத்துப் பார்ப்பார்.

தாளைக் காக்கும் முறை

மாத்தளை மழையும் ஈரமும் உள்ள ஊர். கடதாசிக்கு ஈரம், வெயில், பூச்சி மூன்றும் பகை. வீட்டிலேயே செய்யக்கூடியவற்றைக் கீழே தருகிறேன்.

கை கழுவி, நன்கு துடைத்து உலர்த்திய பின்பே கடிதத்தைத் தொட வேண்டும். ஊசி, கிளிப், இறப்பர் பட்டி ஆகியவற்றை மெதுவாக அகற்ற வேண்டும். இரும்பு துருப்பிடித்துத் தாளைத் தின்னும். இறப்பர் உருகி ஒட்டிக்கொள்ளும்.

மடிப்பிலேதான் கடிதம் முதலில் கிழியும். ஆகவே மடிப்பைப் பிரித்து, தட்டையாக வைக்க வேண்டும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டக் கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தை மறைத்துவிடும். லெமினேட் செய்வதும் ஆகாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்திக்கைப் பிறகு பிரிக்க முடியாது.

பொலிதீன் பைக்குள் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். சுத்தமான வெள்ளைத் தாள் உறைகளில் இட்டு, சுவரையும் தரையையும் ஒட்டாமல் உயரமான அலுமாரித் தட்டில் வைப்பது நல்லது. எங்கள் ஊர் வழக்கப்படி உம்மும்மா பெட்டிக்குள் கராம்பு போட்டிருந்தார். வாசனைப் பொருளின் எண்ணெய் தாளில் கறையாகும் என்பதால் இப்போது அதைச் சிறு துணிப் பையில் கட்டி, கடிதத்தில் படாமல் வைத்திருக்கிறோம்.

எண் இடுவதானால் உறையின் மீது, பென்சிலால் மட்டும் இட வேண்டும். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில், பிளாஷ் இல்லாமல் இரு பக்கங்களையும் படம் எடுக்க வேண்டும். உறையையும் விடக்கூடாது, தபால் முத்திரையில் திகதி இருக்கும். படக் கோப்புக்கு ஆண்டு, எழுதியவர், கடித எண் என்ற ஒழுங்கில் பெயரிட்டு, மூன்று பிரதிகள் வைத்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்று வேறொரு வீட்டில் இருப்பது நல்லது.

நாம் தனியே அல்ல

இது பைத்தியக்கார வேலை என்று யாராவது சொன்னால், நம் நாட்டிலேயே நடந்த வேலைகளை எடுத்துக்காட்டலாம். இலங்கை மலே குடும்பங்களின் வீடுகளில் இருந்த பழைய கையெழுத்து நூல்களைப் பேராசிரியர் ரொனித் ரிச்சி, பிரித்தானிய நூலகத்தின் அழிவுறும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு மின்வடிவில் பதிவு செய்தார். மலே மொழி நூல்களோடு அரபு, அரபுத் தமிழ் எழுத்துக்களும் அவற்றில் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் எவரும் இலவசமாக வாசிக்கும்படி வைத்திருக்கிறது.

மாத்தளை மாணவிகளாகிய நமக்கு இன்னும் கிட்டிய பாடம் அலுவிகாரை. தலைமுறை தலைமுறையாக வாய்வழியே வந்த பௌத்த மறைநூலை, போரும் பஞ்சமும் வந்து மனனம் செய்தவர்கள் குறைந்தபோது, கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் பிக்குகள் அங்கேதான் ஓலையில் எழுதினார்கள் என்பது வரலாறு. சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலும் குர்ஆன் உறையிலும் பழைய கைப்பையிலும் இத்தகைய தாள்கள் இருக்கக்கூடும். அரபு எழுத்தாக இருப்பதால் ஏதோ ஓதும் தாள் என்று எண்ணி, மரியாதையோடு எடுத்து வைத்து, வாசிக்காமலே விட்டிருக்கவும் கூடும். உம்மும்மாவுக்கு இப்போது 76 வயது. ஒரு கண்ணில் வெண்படலம் படர்ந்திருக்கிறது. அடுத்த மாதம் சத்திர சிகிச்சைக்குத் திகதி தந்திருக்கிறார்கள். அதற்கு முன் அரபுத் தமிழின் மீதி எழுத்துக்களையும் கற்று முடிக்க நினைத்திருக்கிறேன். சத்திர சிகிச்சை முடிந்து அவர் கண்ணை மூடிப் படுத்திருக்கும் நாட்களில், அவருடைய கடிதங்களை அவருக்கு வாசித்துக் காட்ட வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும் அல்லவா?